மடிக்கணினிக்கும் ஒரு செக்ரோல்: நிக்ஸ்ஓஎஸ் போடப் புதியவர்களுக்கு வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் வானம் கறுத்தால் எங்கள் வீட்டில் முதல் வேலை, சுவரில் சொருகியிருக்கும் எல்லாவற்றையும் பிடுங்குவதுதான். செம்பனை வரிசைகளுக்கு மேல் இடி இறங்கும் சத்தம் கேட்கும்போதே மின்சாரம் போய்விடும். பேட்டரி செத்துப்போன பழைய மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்கு அது பெரிய அடி. அண்டை வீட்டில் ஐந்தாம் படிவம் படிக்கும் பிள்ளை ஒருத்தியின் கணினி அப்படித்தான் போனது. மென்பொருள் மேம்பாடு (அப்டேட்) பாதியில் இருக்கும்போது மின்சாரம் நின்றது, மறுபடி அது எழுந்திருக்கவே இல்லை. கடையில் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் அழித்து முதலில் இருந்து போட்டுக் கொடுத்தார்கள். தமிழ் எழுத்துரு போயிருந்தது, தட்டச்சு முறை போயிருந்தது, அச்சுப்பொறி வேலை செய்யவில்லை.

அவள் என்னிடம் வந்து கேட்ட கேள்வி இது: "மாமா, முன்ன இதுல என்னென்ன போட்டிருந்தோம்னு எங்கயாச்சும் எழுதி வெச்சிருக்கீங்களா?"

எழுதி வைக்கவில்லை. யாரும் எழுதி வைப்பதில்லை. ஆனால் விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இயங்குதளமான லினக்ஸில், எழுதி வைத்ததுதான் கணினி என்று ஆகிவிடும் ஒரு வகை இருக்கிறது. அதன் பெயர் நிக்ஸ்ஓஎஸ். அன்று முதல் நான் தொடும் கணினிகளில் அதைத்தான் போடுகிறேன். அதை எப்படிப் போடுவது என்று, இதற்கு முன் லினக்ஸைத் தொட்டிராதவருக்கும் புரியும்படி இங்கே எழுதுகிறேன். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்தது. 11க்கு ஏற முடியாத நல்ல கணினிகள் பல வீடுகளில் தூங்குகின்றன. தொடங்குவதற்கு அவையே போதும்.

பெயர் கூப்பிடும் புத்தகம்

என் தாத்தா பால்மரம் வெட்டியவர். விடியும் முன் பெரட்டுக் களத்தில், அதாவது ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், வரிசையாக நிற்பார்கள். தோட்டத்து எழுத்தரான கிராணி, செக்ரோல் என்ற பெயர்ப் பதிவேட்டைத் திறந்து பெயர் கூப்பிடுவார். புத்தகத்தில் பெயர் இருந்தால் அன்றைக்கு வேலை உண்டு, கூலி உண்டு. களத்தில் ஆள் நின்றாலும் புத்தகத்தில் பெயர் இல்லையென்றால் ஒன்றும் இல்லை. தோட்டத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரிய ஒவ்வொரு லயத்துக்கும் நடக்க வேண்டியதில்லை. புத்தகத்தைப் புரட்டினால் போதும்.

நிக்ஸ்ஓஎஸ் அதே முறையில் நடக்கிறது. உங்கள் கணினியில் எந்தெந்த நிரல்கள், எந்த எழுத்துரு, எந்த அச்சுப்பொறி, எந்த நேர மண்டலம், யார் யாருக்குக் கணக்கு என்பதெல்லாம் ஒரே கோப்பில் இருக்கும். கோப்பில் ஒரு பெயரை எழுதிப் பெரட்டுக்குக் கூப்பிட்டால் அது கணினியில் வந்து நிற்கும். பெயரை அடித்துவிட்டு மறுபடி கூப்பிட்டால் நடப்பில் இருந்து போய்விடும். மற்ற லினக்ஸ்களில் "இதை நிறுவு", "அதை மாற்று" என்று கட்டளை கட்டளையாகச் சொல்கிறோம். மூன்று வருடம் கழித்து என்னென்ன சொன்னோம் என்பது நமக்கே நினைவிருக்காது. இங்கே கணினி எப்படி இருக்க வேண்டும் என்று மட்டும் எழுதுகிறோம். அந்த நிலைக்குக் கொண்டுபோவது அதன் பொறுப்பு.

இந்த யோசனை நெதர்லாந்தின் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. ஈல்கோ டோல்ஸ்த்ரா 2003இல், நிக்ஸ்ஓஎஸ்ஸுக்கு அடித்தளமான நிக்ஸ் என்ற கருவியைத் தொடங்கி, 2006இல் அதைப் பற்றியே தம் முனைவர் பட்ட ஆய்வேட்டை முடித்தார். டச்சு மொழியில் அந்தச் சொல்லுக்கு "ஒன்றுமில்லை" என்று பொருள். ஒரு நிரலைக் கட்டும்போது, எழுதிக் கொடுத்ததைத் தவிர வேறு ஒன்றும் அதன் கண்ணில் படாது என்பதால் அந்தப் பெயர். செக்ரோல் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும்.

உட்காருவதற்கு முன்

4 ஜிபி நினைவகம் உள்ள கணினியில் நிக்ஸ்ஓஎஸ் ஓடும், 8 இருந்தால் நிம்மதி. வட்டு 128 ஜிபி இருக்கட்டும். பழைய பதிப்புகளைச் சேர்த்து வைக்கும் அமைப்பு இது, கொஞ்சம் இடம் தின்னும். சுழலும் பழைய வட்டாக இருந்தால் ஒரு எஸ்எஸ்டி, அதாவது சுழலாத வேகமான வட்டு, வாங்கி மாற்றிவிடுங்கள். பழைய கணினிக்குச் செலவு செய்யும் முதல் வெள்ளி அதற்குத்தான் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

விண்டோஸும் இதுவும் ஒரே வட்டில் பக்கத்தில் பக்கத்தில் இருக்க முடியும். ஆனால் முதல் முறையே அதைச் செய்யாதீர்கள். வீட்டில் எல்லாரும் நம்பியிருக்கும் ஒரே கணினியையும் எடுக்காதீர்கள். தூங்கிக்கொண்டிருக்கும் ஒன்றை எடுங்கள். அதில் இருக்கும் படங்கள், பள்ளிக் கோப்புகள் எல்லாவற்றையும் வெளி வட்டுக்கு மாற்றிவிட்டு, மாற்றியவற்றை வேறு கணினியில் திறந்தும் பாருங்கள். நிறுவல் வட்டு முழுவதையும் அழித்துவிடும்.

8 ஜிபி பென்டிரைவ் ஒன்று வேண்டும். நிக்ஸ்ஓஎஸ் தளத்தில் வரைகலை நிறுவியோடு கூடிய ஐஎஸ்ஓ கோப்பு (நிறுவலுக்கு வேண்டியதெல்லாம் அடங்கிய ஒரே கோப்பு) கிடைக்கும். சில ஜிபி அளவு என்பதால் கைத்தொலைபேசித் தரவில் இறக்காமல் நல்ல இணைப்பு உள்ள வீட்டில் இறக்குங்கள். பக்கத்திலேயே கொடுத்திருக்கும், கோப்பின் கைரேகை போன்ற ஷா-256 எண்ணோடு உங்கள் கோப்பின் எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள். இறக்கம் பாதியில் கெட்டிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். பிறகு ரூஃபஸ் அல்லது வென்டாய் என்ற கருவி மூலம் பென்டிரைவில் எழுதுங்கள்.

கணினியை இயக்கும்போது எஃப்2 அல்லது எஃப்12 தட்டினால் (தயாரிப்பைப் பொறுத்து விசை மாறும்) பயாஸ் என்ற தொடக்க அமைப்புத் திரை வரும். அதில் செக்யூர் பூட் (அங்கீகரித்த இயங்குதளத்தை மட்டும் எழ விடும் காவல்) என்பதை அணைத்துவிட்டு, பென்டிரைவில் இருந்து தொடங்கச் சொல்லுங்கள்.

நிறுவல்

இந்தப் பகுதி எளிது. திரையில் நிறுவி தானே திறக்கும். முதலில் வைஃபையில் சேருங்கள், இணையம் இல்லாமல் நிறுவல் நடக்காது. இடம் கேட்கும்போது கோலாலம்பூர், விசைப்பலகைக்கு அமெரிக்க ஆங்கிலம். பயனர் பெயரை ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல் கொடுங்கள். மேசைத்தளம், அதாவது திரையின் தோற்றமும் பட்டியல்களும், எது என்று கேட்கும். 8 ஜிபி இருந்தால் க்னோம், 4 ஜிபி என்றால் எக்ஸ்எஃப்சிஇ. கட்டற்ற உரிமம் இல்லாத மென்பொருள்களையும் அனுமதிக்கவா என்ற பெட்டியில் குறி போட்டுவிடுங்கள். சில வைஃபை சில்லுகளுக்கும் சூம் போன்ற நிரல்களுக்கும் அது தேவைப்படும். வட்டுப் பகுதியில் "முழு வட்டையும் அழி" என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

அதன் பிறகு ஒரு பட்டை ஓடும். 46 சதவீதத்தில் அது அசையாமல் நின்றுவிட்டது போலத் தோன்றும். பயந்து கணினியை அணைத்துவிடாதீர்கள். அந்த நேரத்தில்தான் அது உள்ளே நிரல்களை இறக்கி வைத்துக்கொண்டிருக்கிறது. போய்ப் பசியாறிவிட்டு வாருங்கள். முடிந்ததும் பென்டிரைவை எடுத்துவிட்டு மறுபடி இயக்குங்கள்.

கோப்பைத் திறப்போம்

இனிமேல் வருவதுதான் விஷயம். அவசரப்பட வேண்டாம்.

அந்தக் கோப்பில் எல்லாம் ஆங்கில எழுத்தில்தான் இருக்கும். இங்கே வரிகளை ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். நான் சொல்லும் வரிகளில் பாதி, நிறுவி உங்களுக்காக ஏற்கெனவே எழுதி வைத்தவை, ஒலியை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். புதிதாகச் சேர்க்கும் வரிகளுக்கு நிக்ஸ்ஓஎஸ் தளத்தின் தேடல் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் இரண்டு பிரிவுகள் உண்டு. பேக்கேஜஸ் பிரிவில் நிரல்களின் பெயர்கள் இருக்கும், ஒரு லட்சத்துக்கும் மேல். ஆப்ஷன்ஸ் பிரிவில் கோப்பில் எழுதக்கூடிய அமைப்பு வரிகள், ஒவ்வொன்றுக்கும் விளக்கத்தோடு. பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு இங்கே முக்கியம் என்பதால் அங்கிருந்து படியெடுத்து ஒட்டுவதே நல்லது.

கட்டளை தட்டும் சாளரமான டெர்மினலைத் திறந்து இதை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்:

சூடோ நானோ /ஈடிசி/நிக்ஸ்ஓஎஸ்/கான்ஃபிகரேஷன்.நிக்ஸ்

சூடோ என்றால் நிர்வாகி உரிமையோடு செய் என்று பொருள், நானோ கோப்பைத் திருத்தும் நிரல். கடவுச்சொல் கேட்கும். தட்டும்போது திரையில் ஒன்றும் தெரியாது, ஆனால் பதிவாகிக்கொண்டிருக்கும்.

கோப்பு திறந்ததும் எதையும் மாற்றாதீர்கள். மேலிருந்து கீழாக ஒரு தடவை படியுங்கள். இதை நான் எல்லாரிடமும் வற்புறுத்துகிறேன். உங்கள் கணினி முழுவதும் நூற்றுச் சொச்சம் வரிகளில் உங்கள் கண் முன்னால் இருக்கிறது. நேர மண்டலம் என்ற இடத்தில் நீங்கள் தேர்ந்தெடுத்த கோலாலம்பூர் இருக்கும்:

டைம்.டைம்சோன் = "ஏசியா/கோலாலம்பூர்";

யூசர்ஸ் என்ற இடத்தில் உங்கள் பெயர் இருக்கும். நெட்வொர்க்மேனேஜர் என்ற வரி வைஃபைக்கு. எண் குறியில், அதாவது ஹாஷ் அடையாளத்தில், தொடங்கும் வரிகள் வெறும் குறிப்புகள், கணினி அவற்றைப் படிக்காது.

இலக்கணம் கொஞ்சம்தான். ஒவ்வொரு அமைப்பும் பெயர், சமக்குறி, மதிப்பு, அரைப்புள்ளி என்று வரும். அந்த அரைப்புள்ளியை மறக்கக் கூடாது. இரட்டை மேற்கோளுக்குள் வருவது சொல். சதுர அடைப்புக்குள் வருவது பட்டியல், அதன் உருப்படிகளுக்கு நடுவே காற்புள்ளி கிடையாது, இடைவெளி மட்டும். மற்ற நிரல்மொழி பழகியவர்கள் காற்புள்ளி போட்டுத்தான் முதலில் மாட்டுவார்கள். சுருள் அடைப்புக்குள் வருவது அமைப்புகளின் தொகுப்பு.

கடைசியில் சிஸ்டம்.ஸ்டேட்வெர்ஷன் என்று ஒரு வரி இருக்கும். அதைத் தொடாதீர்கள். புதிய பதிப்புக்கு ஏறும்போது அதையும் மாற்ற வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அது இந்தக் கணினி முதலில் எந்தப் பதிப்பில் பிறந்தது என்ற குறிப்பு. பிறந்த தேதியை யாரும் மாற்றுவதில்லை.

முதல் பெரட்டு

கீழே போனால் என்விரான்மென்ட்.சிஸ்டம்பேக்கேஜஸ் என்ற பட்டியலைக் காண்பீர்கள். அதில் உங்களுக்கு வேண்டிய நிரல்களின் பெயர்களைச் சேருங்கள். இங்கே ஆவணம் எழுத லிப்ரெஆஃபிஸ், படம் பார்க்க விஎல்சி, கோப்பின் மாற்றங்களைப் பதிந்து வைக்க கிட்:

என்விரான்மென்ட்.சிஸ்டம்பேக்கேஜஸ் = வித் பிகேஜிஎஸ்; [
  லிப்ரெஆஃபிஸ்
  விஎல்சி
  கிட்
];

கன்ட்ரோல் விசையோடு ஓ, பிறகு என்டர் தட்டினால் சேமிக்கும். கன்ட்ரோலோடு எக்ஸ் தட்டினால் வெளியே வரும். இப்போது பெரட்டுக்குக் கூப்பிடுங்கள்:

சூடோ நிக்ஸ்ஓஎஸ்-ரீபில்ட் ஸ்விட்ச்

கோப்பைப் படித்து, இல்லாதவற்றை அதன் பொதுக் களஞ்சியத்தில் இருந்து இறக்கி, கணினியைப் புதிய நிலைக்கு மாற்றும். சில நிமிடம் ஆகும். முடிந்ததும் பட்டியலில் லிப்ரெஆஃபிஸ் வந்திருக்கும்.

இதைப் பழகும்போது ஒன்றை மட்டும் தவிருங்கள். இணையத்தில் சில வழிகாட்டிகள் நிக்ஸ்-என்வ் என்ற கட்டளையால் நிரல் நிறுவச் சொல்லும். வேலை செய்யும், ஆனால் அது கோப்பில் பதியாது. செக்ரோலில் பெயர் ஏறாமல் களத்தில் ஆள் நிற்பது போல் ஆகிவிடும், பிறகு நம் கணக்கே தப்பாகிவிடும். ஒரு நிரலை ஒரே ஒரு தடவை பயன்படுத்திப் பார்க்க வேண்டுமென்றால் நிக்ஸ்-ஷெல் -பி என்று தட்டி அதன் பெயரைக் கொடுங்கள். அந்த டெர்மினல் திறந்திருக்கும் வரைக்கும் அது கையில் இருக்கும்.

தமிழ்

என்னைப் பொறுத்தவரை தமிழ் படிக்கவும் தட்டவும் முடியாத கணினி பாதிக் கணினிதான். அச்சிட்டுப் பத்திரப்படுத்த வேண்டிய வரிகள் இவை:

ஃபான்ட்ஸ்.பேக்கேஜஸ் = வித் பிகேஜிஎஸ்; [ நோட்டோ-ஃபான்ட்ஸ் ];

ஐ18என்.இன்புட்மெத்தட் = {
  எனேபிள் = ட்ரூ;
  டைப் = "ஐபஸ்";
  ஐபஸ்.எஞ்சின்ஸ் = வித் பிகேஜிஎஸ்.ஐபஸ்-எஞ்சின்ஸ்; [ எம்17என் ];
};

முதல் வரி எழுத்துரு. நோட்டோ தொகுப்பில் தமிழும் அடங்கும், கட்டம் கட்டமாகத் தெரியும் பிரச்சினை அதோடு தீரும். அடுத்த தொகுப்பு தட்டச்சுக்கு: ஐபஸ் தட்டச்சை நடத்தும் நிரல், எம்17என் அதில் சேரும் தட்டச்சு முறைகளின் தொகுப்பு. பெரட்டு முடிந்த பிறகு ஒரு தடவை வெளியேறி மறுபடி உள்ளே வாருங்கள். க்னோமில் அமைப்புகள், விசைப்பலகை, உள்ளீட்டு மூலங்கள் என்று போய்த் தமிழைச் சேர்த்தால் எம்17என் தரும் முறைகள் வரிசையாக நிற்கும். எக்ஸ்எஃப்சிஇயில் ஐபஸ் விருப்பத்தேர்வுகளைத் திறந்து அங்கே சேர்க்க வேண்டும்.

எதைத் தேர்ந்தெடுப்பது? 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி வந்த தமிழ்99 முறையில் உயிரெழுத்துகள் இடக்கைக்கும் மெய்கள் வலக்கைக்கும் பிரிந்திருக்கும். இன்றைக்குத்தான் தட்டப் பழகும் பிள்ளைகளுக்கு நான் அதையே சொல்லிக் கொடுக்கிறேன், கை ஓடத் தொடங்கினால் வேகம் தானே வரும். ஆனால் மலேசியாவில் நம் தலைமுறையில் பலருக்கு முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல்தான் கையில் ஊறியது, "அம்மா" என்பதை ஆங்கில எழுத்தின் ஒலியால் தட்டிப் பழகியவர்கள். அவர்களுக்கு எம்17என் தொகுப்பின் ஃபொனெடிக் முறை நெருக்கமாக இருக்கும், சில விசைகளை மட்டும் புதிதாகப் பழகிக்கொள்ள வேண்டும். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டால் வீட்டில் யார் உட்கார்ந்தாலும் தட்டலாம்.

பழைய வழிகாட்டிகளைப் பார்த்து எழுதினால் இந்த வரிகள் ஒத்துவராது. ஃபான்ட்ஸ்.பேக்கேஜஸ் என்பது முன்பு ஃபான்ட்ஸ்.ஃபான்ட்ஸ் என்று இருந்தது. உள்ளீட்டு முறை வரியும் 24.11 பதிப்பில் மாறியது. எண்ணைப் பார்த்தால் ஆண்டும் மாதமும் தெரியும்: 24.11 என்றால் 2024 நவம்பர். ஆண்டுக்கு இரண்டு பதிப்பு, மே மாதம் ஒன்று, நவம்பரில் ஒன்று. நீங்கள் படிக்கும் கட்டுரை எந்தப் பதிப்புக்கு எழுதியது என்று முதலில் பாருங்கள்.

அச்சுப்பொறிக்கு சர்வீசஸ்.பிரிண்டிங்.எனேபிள் = ட்ரூ; என்ற வரி. எப்சன், எச்பி போன்றவற்றுக்கு இயக்கியின் பெயரையும் சர்வீசஸ்.பிரிண்டிங்.டிரைவர்ஸ் பட்டியலில் சேர்க்க வேண்டியிருக்கும், பேக்கேஜஸ் பிரிவில் தேடினால் கிடைக்கும். நினைவகம் குறைந்த கணினிக்கு சீரேம்ஸ்வாப்.எனேபிள் = ட்ரூ; என்று ஒரு வரி. அது நினைவகத்தின் ஒரு பகுதியைச் சுருக்கிப் பயன்படுத்தும். 4 ஜிபி கணினியில் உலாவியைத் திறந்து வைத்துப் பாடம் நடத்தும்போது வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

தவறு வந்தால்

வரும். முதல் வாரத்தில் வரும் பிழைகள் பெரும்பாலும் மூன்று வகைக்குள் அடங்கிவிடும்.

சின்டாக்ஸ் எரர் என்று வந்தால் அரைப்புள்ளியோ அடைப்போ விட்டுப்போயிருக்கிறது. பிழைச்செய்தி ஒரு வரி எண்ணைக் காட்டும். ஆனால் குற்றம் பெரும்பாலும் அதற்கு முந்தைய வரியில் இருக்கும். முந்தைய வரியில் அரைப்புள்ளி இல்லாததால் அடுத்த வரியை அதன் தொடர்ச்சி என்று நினைத்துப் படித்து, அங்கே வந்து தடுமாறியிருக்கும். அன்டிஃபைன்ட் வேரியபிள் என்று வந்தால் நிரலின் பெயரைத் தவறாக எழுதியிருக்கிறீர்கள், தேடல் பக்கத்தில் சரிபாருங்கள். ஆப்ஷன் டஸ் நாட் எக்ஸிஸ்ட் என்று வந்தால் அமைப்பு வரியின் பெயர் தவறு, அல்லது நான் சொன்னது போலப் பழைய வழிகாட்டி.

மூன்றிலும் உங்கள் கணினிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. கோப்பு முழுவதும் சரியாக இருந்து, எல்லாம் கட்டி முடிந்த பிறகுதான் மாற்றம் நடக்கும். அதற்கு முன் பிழை வந்தால் பழைய நிலையிலேயே ஓடிக்கொண்டிருக்கும். புதியவர்கள் பயப்படுவது இங்கேதான், பயப்படத் தேவையில்லாததும் இங்கேதான்.

மின்சாரம் போனால்

நிக்ஸ் எந்த நிரலையும் பழையதன் மேல் எழுதுவதில்லை. எல்லாம் /நிக்ஸ்/ஸ்டோர் என்ற கோப்புறைக்குள் தனித்தனியாகப் போகும், ஒவ்வொன்றின் பெயருக்கும் முன்னால் 32 எழுத்து நீளமுள்ள ஓர் அடையாளம் இருக்கும். அந்த அடையாளம் அந்த நிரல் எதை எதை வைத்துக் கட்டப்பட்டது என்பதில் இருந்து கணக்கிடப்படுகிறது. மூலத்தில் ஒன்று மாறினாலும் அடையாளம் மாறும். அதனால் பழைய ஃபயர்ஃபாக்ஸும் புதிய ஃபயர்ஃபாக்ஸும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், ஒன்றை ஒன்று மிதிக்காது.

நீங்கள் பெரட்டுக்குக் கூப்பிடும் ஒவ்வொரு முறையும் புதிய நிலை ஒன்று பழையதற்குப் பக்கத்தில் கட்டப்படுகிறது. இதை ஜெனரேஷன், தலைமுறை, என்கிறார்கள். கட்டி முடிந்த பிறகு "இப்போது நடப்பில் இருப்பது இது" என்று காட்டும் ஒரே ஒரு சுட்டி மட்டும் மாறும். இறக்கிக்கொண்டிருக்கும்போது இடி இடித்து மின்சாரம் போனால் அரைகுறையாகக் கட்டியது அப்படியே கிடக்கும், சுட்டி இன்னும் பழையதையே காட்டும். கணினி நேற்று இருந்தபடி எழும். பிறகு அதே கட்டளையை மறுபடி கொடுத்தால் போதும். முழுப் பாதுகாப்பு என்று சொல்ல மாட்டேன். கடைசியில், கணினி எழும்போது வரும் துவக்கப் பட்டியலில் புதிய தலைமுறையை எழுதும் சில நொடிகளில் மின்சாரம் போனால் சிக்கல் வரலாம். மழை கறுத்திருக்கும்போது ரீபில்ட் தொடங்காதீர்கள். ஆனால் மேம்பாடு ஓடும் முழு நேரமும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்த நிலைமை இங்கே இல்லை. அண்டை வீட்டுப் பிள்ளையின் கணினிக்கு நேர்ந்ததை நினைத்தால் இந்த ஒன்றுக்காகவே நான் நிக்ஸ்ஓஎஸ் பக்கம் நிற்பேன்.

மாற்றம் நடந்த பிறகுதான் கோளாறு தெரிகிறது என்று வையுங்கள். திரை வரவில்லை, சத்தம் இல்லை. கணினியை மறுபடி இயக்குங்கள். துவக்கப் பட்டியலில் தலைமுறைகள் எண்ணோடும் தேதியோடும் நிற்கும். முந்தியதைத் தேர்ந்தெடுத்து உள்ளே போங்கள், கோப்பைத் திருத்துங்கள், மறுபடி கூப்பிடுங்கள். உள்ளே இருக்கும்போதே பின்வாங்க சூடோ நிக்ஸ்ஓஎஸ்-ரீபில்ட் ஸ்விட்ச் --ரோல்பேக் போதும். சந்தேகமான மாற்றமாக இருந்தால் ஸ்விட்ச் என்பதற்குப் பதில் டெஸ்ட் என்று தட்டுங்கள். மாற்றம் இப்போதைக்கு நடப்புக்கு வரும், துவக்கப் பட்டியலில் ஏறாது. அணைத்து இயக்கினால் பழையது.

பின்வாங்குவது கணினியின் அமைப்பை மட்டும்தான். உங்கள் கட்டுரை, படங்கள், உலாவியில் சேமித்தவை எதுவும் இதில் அடங்காது. அழித்த கோப்பு தலைமுறையோடு திரும்பி வராது. அவற்றுக்கு வெளி வட்டில் தனிப் பிரதி வேண்டும்.

இறக்கிய நிரல் ஓடவில்லை என்றால்

இந்த இடத்தில் பலர் கோபப்பட்டு விட்டுப் போய்விடுகிறார்கள். இணையத்தில் ஒரு நிரலை லினக்ஸுக்கு என்று இறக்கி இருமுறை சொடுக்கினால், பெரும்பாலும் அது ஓடாது. மற்ற லினக்ஸ்களில் நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் துணைக் கோப்புகள் ஒரு குறிப்பிட்ட பொது இடத்தில் இருக்கும் என்று நம்பி அந்த நிரல் கட்டப்பட்டிருக்கிறது. நிக்ஸ்ஓஎஸ்ஸில் எல்லாம் ஸ்டோரில் இருப்பதால் அந்தப் பொது இடம் காலி. முதலில் அந்த நிரல் பேக்கேஜஸ் பிரிவில் இருக்கிறதா என்று தேடுங்கள், பெரும்பாலும் இருக்கும். இல்லையென்றால் புரோகிராம்ஸ்.நிக்ஸ்-எல்டி.எனேபிள் = ட்ரூ; என்ற வரி பல நிரல்களை ஓட வைக்கும். அதுவும் ஆகவில்லையென்றால் சர்வீசஸ்.ஃபிளாட்பேக்.எனேபிள் = ட்ரூ; என்று போட்டு, பல லினக்ஸ்களுக்கும் பொதுவான நிரல் பொதி முறையான ஃபிளாட்பேக் வழியாக எடுக்கலாம்.

இணையத்தில் ஃபிளேக்ஸ், ஹோம் மேனேஜர் என்று இரண்டு பெயர்கள் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். இரண்டும் நல்லவை. ஃபிளேக்ஸ் நீங்கள் பயன்படுத்தும் ஒவ்வொன்றின் பதிப்பையும் பூட்டி வைக்க உதவும், ஹோம் மேனேஜர் உங்கள் சொந்த அமைப்புகளையும் கோப்பில் எழுத உதவும். முதல் இரண்டு மாதம் அவை இல்லாமலே இருங்கள். ஒரே கோப்பு கைக்குப் பழகிய பிறகு அவை எதற்கு என்று தானாகப் புரியும்.

துப்புரவும் மேம்பாடும்

பழைய தலைமுறைகள் சேர்ந்துகொண்டே போகும், வட்டு நிறையும். கோப்பில் இதை எழுதிவிட்டால் வாரத்துக்கு ஒரு தடவை முப்பது நாளுக்கு மேற்பட்டவற்றைத் தானே கூட்டித் தள்ளும்:

நிக்ஸ்.ஜிசி = {
  ஆட்டோமேட்டிக் = ட்ரூ;
  டேட்ஸ் = "வீக்லி";
  ஆப்ஷன்ஸ் = "--டிலீட்-ஓல்டர்-தேன் 30டி";
};

துவக்கப் பட்டியலும் நீளமாகாமல் பூட்.லோடர்.சிஸ்டம்டி-பூட்.கான்ஃபிகரேஷன்லிமிட் = 10; என்று வையுங்கள். வட்டில் துவக்கத்துக்கு ஒதுக்கிய பகுதி சிறியது, அது நிறைந்துவிட்டால் ரீபில்ட் பாதியில் நிற்கும்.

பாதுகாப்பு மேம்பாட்டுக்கு வாரம் ஒரு தடவை சூடோ நிக்ஸ்ஓஎஸ்-ரீபில்ட் ஸ்விட்ச் --அப்கிரேட். ஒவ்வொரு பதிப்புக்கும் ஏறக்குறைய ஏழு மாதம்தான் ஆதரவு. அதனால் மே, நவம்பர் வந்ததும் அடுத்த மாதத்துக்குள் சேனலை, அதாவது நிரல்கள் வரும் பதிப்புத் தடத்தை, புதிய எண்ணுக்கு மாற்றி ஏறிவிட வேண்டும். இதைத் தள்ளிப் போடாதீர்கள். ஏறிய பிறகு பிடிக்கவில்லையென்றால் பழைய தலைமுறை துவக்கப் பட்டியலில் இருக்கத்தான் செய்யும்.

இரண்டாவது கணினி

கோப்பை ஒரு பென்டிரைவில் படியெடுங்கள், இன்னொரு பிரதியை மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வையுங்கள். கிட் தெரிந்தவர்கள் அதில் வைத்தால் எந்த நாளில் எதை மாற்றினோம் என்ற வரலாறும் கிடைக்கும். கடவுச்சொல் எதையும் கோப்பில் எழுதாதீர்கள். ஸ்டோருக்குள் போவதை அந்தக் கணினியில் கணக்கு வைத்திருக்கும் எவரும் படிக்க முடியும். வைஃபை கடவுச்சொற்கள் இந்தக் கோப்பில் இருக்காது, புதிய கணினியில் மறுபடி தட்ட வேண்டும்.

அந்தப் பிள்ளையின் தம்பிக்கு வேறொரு பழைய கணினி கிடைத்தபோது இதையே செய்தோம். முதலில் அதில் வழக்கம்போல நிக்ஸ்ஓஎஸ் நிறுவினோம். அதன் பிறகு /ஈடிசி/நிக்ஸ்ஓஎஸ் கோப்புறையில் இரண்டு கோப்புகளைப் பார்ப்பீர்கள். ஹார்ட்வேர்-கான்ஃபிகரேஷன் என்று தொடங்குவது அந்தக் கணினியின் வட்டு, சில்லு பற்றியது. அதை ஒருபோதும் ஒரு கணினியில் இருந்து இன்னொன்றுக்குப் படியெடுக்காதீர்கள், கணினி தன் வட்டைக் கண்டுபிடிக்க முடியாமல் நின்றுவிடும். மற்ற கோப்பில் மட்டும் அக்காவின் வரிகளைக் கொண்டுவந்து ஒட்டினோம். கணினியின் பெயரையும் பயனர் பெயரையும் மாற்றினோம், கடைசியில் இருக்கும் ஸ்டேட்வெர்ஷன் வரியைப் புதிய கணினியில் இருந்தபடியே விட்டோம். எக்ஸ்எஃப்சிஇயா க்னோமா என்ற வரிகளையும் அந்தக் கணினியின் நினைவகத்துக்குத் தக்கபடி வைத்துக்கொண்டோம். பெரட்டுக்குக் கூப்பிட்டுவிட்டுத் தேநீர் போடப் போனேன்.

திரும்பி வந்தபோது அவன் தமிழ்99இல் தன் பெயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா அச்சுப்பொறியின் கம்பியைச் சொருகிக்கொண்டிருந்தாள்.